வாழ்க்கை வரலாறும் நில உரிமையும்: எல்ஸ்பெத் ஹக்ஸ்லியின் டெலமேர் வரலாறு – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறிப் பெரும் கால்நடைப் பண்ணையாளராகவும் நிலவுடைமையாளராகவும் விளங்கியவர் மூன்றாம் டெலமேர் பிரபு (1870–1931). அவருடைய வாழ்க்கையை எல்ஸ்பெத் ஹக்ஸ்லி 1935இல் 'ஒயிட் மேன்ஸ் கன்ட்ரி' என்னும் பெயரில் இரு தொகுதிகளாக எழுதினார். குடியேறியவரின் இழப்புகளை நில உரிமைக்கான அறச்சான்றாக மாற்றும் ஒரு கதையாடல் அந்நூலில் இயங்குகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். 1904, 1911 ஆகிய ஆண்டுகளின் மாசாய் உடன்படிக்கைகள், 1913ஆம் ஆண்டு வழக்கு, 1923ஆம் ஆண்டு இலண்டன் பேச்சுகள், கென்யாட்டா, கூகி ஆகியோரின் எழுத்துகள் ஆகியவற்றின் துணையுடன் அக்கருதுகோள் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வாழ்க்கை வரலாற்றிலக்கியம், காலனியக் குடியேற்றம், மேய்ச்சல் நிலம், மாசாய், டெலமேர், எல்ஸ்பெத் ஹக்ஸ்லி.

முன்னுரை

வாழ்க்கை வரலாறு தனிமனிதரைப் பற்றிய இலக்கிய வகை என்பது பொதுவான கருத்து. ஆயினும் காலனிய நாடுகளில் எழுதப்பட்ட குடியேறிகளின் வாழ்க்கை வரலாறுகளில் தனிமனிதருக்கு இணையாக நிலமும் ஒரு கதைமாந்தராகவே இடம்பெறுகிறது. நாயகன் நிலத்தைக் காண்கிறான், அதில் துன்புறுகிறான், இறுதியில் அந்நிலத்திலேயே அடக்கமாகிறான். இந்த வரிசை படிப்பவருக்கு இயல்பானதாகத் தோன்றும். அந்த இயல்புத்தன்மையே ஆராய்ச்சிக்குரியது. நிலம் எவ்வாறு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியது என்னும் வினா அவ்வரிசையில் எழுவதற்கு இடமில்லாமல் போகிறது.

டெலமேரைப் பற்றிய ஹக்ஸ்லியின் நூல் இவ்வகையில் முதன்மையான சான்று. அதனைக் காலனியப் பரப்புரை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குவதால் அந்நூல் எவ்வாறு நம்பவைக்கிறது என்பது விளங்காமலே போகும். எனவே நூலின் கட்டமைப்பையும் அக்காலத்து நில ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படிப்பதை இக்கட்டுரை தன் முறையாகக் கொள்கிறது.

நூலும் நாயகனும்

ஹியூ சோம்லி என்னும் இயற்பெயர் கொண்ட டெலமேர் 1870 ஏப்ரல் 28 அன்று பிறந்தார். செஷயரில் உள்ள வேல் ராயல் அவருடைய குடும்பத்தின் பண்ணைநிலம். ஈட்டன் பள்ளியில் பயின்ற அவர் 1887இல், பதினேழாம் வயதில், பிரபுப் பட்டத்துக்கு உரியவரானார். சிங்க வேட்டைக்காக 1891இல் முதன்முறையாகச் சோமாலி நாட்டுக்குச் சென்றார். பின்னர் அங்கு மேற்கொண்ட வேட்டையொன்றில் காயம்பட்ட சிங்கம் அவரைத் தாக்கியது. அவருடைய துப்பாக்கியைச் சுமந்துவந்த சோமாலியரான அப்துல்லா அஷூர் சிங்கத்தின்மீது பாய்ந்து அவரைக் காப்பாற்றினார். டெலமேர் வாழ்நாள் முழுவதும் கால் தாங்கி நடந்தார்.

1896இல் சோமாலி நாட்டிலிருந்து புறப்பட்ட நெடும்பயணம் அவரை 1897இல் இன்றைய கென்யாவின் மேட்டுநிலங்களுக்குக் கொண்டுசேர்த்தது. 1899இல் ஃபுளோரன்ஸ் கோலை மணந்து, சில ஆண்டுகளில் அங்கேயே குடியேறினார். 1931 நவம்பர் 13 அன்று மறைந்து, சொய்சாம்பு பண்ணையில் அடக்கம் செய்யப்பட்டார்.

நூலாசிரியர் எல்ஸ்பெத் ஹக்ஸ்லி 1907இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே கென்யாவின் தீக்கா பகுதிக்கு வந்தவர். அந்த இளமைக்காலத்தை 'தி ஃபிளேம் ட்ரீஸ் ஆஃப் தீக்கா' (1959) என்னும் நூலில் பின்னாளில் எழுதிப் பெரும்புகழ் பெற்றார். எனவே டெலமேர் வரலாறு வெளியிலிருந்து பார்க்கும் ஒருவரின் நூலன்று. குடியேறிகளின் சமூகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட வரலாறு எனலாம்.

நூலின் தலைப்பும் துணைத்தலைப்பும் கவனத்துக்குரியவை. 'வெள்ளையரின் நாடு' என்று பொருள்படும் தலைப்பு உரிமையைக் கூறுகிறது. 'டெலமேர் பிரபுவும் கென்யாவின் உருவாக்கமும்' என்னும் துணைத்தலைப்பு அவ்வுரிமைக்கான காரணத்தைக் கூறுகிறது. உருவாக்கியவருக்கே உருவாக்கப்பட்டது உரியது என்னும் வாதம் நூலின் முதற்பக்கத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. முதல் தொகுதி 1870 முதல் 1914 வரையும் இரண்டாம் தொகுதி 1914 முதல் 1931 வரையும் அமைந்துள்ளன. ஒரு நாட்டின் காலப்பகுப்பும் ஒரு மனிதரின் ஆயுட்காலமும் ஒன்றாகவே ஆக்கப்பட்டுள்ளன.

சோழர் கல்வெட்டுகளில் மன்னனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி முன்னே நிற்க, நிலக்கொடை பற்றிய செய்தி பின்னே வருவதைத் தமிழாய்வாளர் அறிவர். புகழுரை நிலச்செய்திக்கு முன்னுரையாக நிற்கும் அந்த அமைப்பு, காலத்தாலும் இடத்தாலும் முற்றிலும் வேறுபட்ட இந்த ஆங்கில நூலின் செயற்பாட்டை விளங்கிக்கொள்ள உதவும். ஒப்புமை வடிவளவில் மட்டுமே. ஆயினும் புகழும் நிலமும் ஒரே ஆவணத்தில் ஏன் சேர்கின்றன என்னும் வினா இரண்டுக்கும் பொதுவானது.

வெற்று நிலம் என்னும் தொடக்கம்

குடியேறிகளின் வரலாற்றெழுத்தில் மேட்டுநிலங்கள் ஆளில்லாப் பெருவெளியாகவே அறிமுகமாகின்றன. டெலமேர் 1897இல் அங்கு வந்தபோது கண்ட காட்சி முற்றிலும் பொய்யன்று. ஆனால் அக்காட்சிக்கு ஒரு முன்கதை உண்டு. 1890களின் தொடக்கத்தில் வெக்கை நோய் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் பரவி மாசாய் மக்களின் மாடுகளில் பெரும்பகுதியை அழித்தது. அதனைத் தொடர்ந்து பெரியம்மையும் பஞ்சமும் வந்தன. 'எமுத்தாய்' என்று மாசாய் மக்கள் குறிப்பிடும் அழிவுக்காலம் அது. மதத்தலைவரான ம்பாட்டியன் மறைந்தபின் அவருடைய மக்களான லெனானாவும் செண்டேயோவும் தம்முள் போரிட்டதும் இதே காலத்தில்தான்.

மேய்ச்சல் வாழ்க்கையில் ஒரு நிலத்தில் இன்று கால்தடம் இல்லையெனில் அது உடைமையற்றது என்று பொருளாகாது. மழைக்கேற்ப மந்தை நகரும். கோடைக்கென்று ஒதுக்கிவைத்த புல்வெளி மற்ற மாதங்களில் ஆளின்றியே கிடக்கும். நோய்க்குப்பின் மந்தை சுருங்கியபோது அந்த வெறுமை மேலும் பெரிதாகத் தெரிந்தது. பேரழிவுக்குப் பின்வந்த ஒரு பத்தாண்டின் தோற்றத்தை நிலத்தின் நிலையான இயல்பாக எழுதியதே குடியேற்றக் கதையாடலின் முதற்படி.

இரண்டாம் படியை இரயில்பாதை அமைத்துக் கொடுத்தது. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரையிலான உகாண்டா இரயில்பாதை 1901 இறுதியில் ஏரியை எட்டியது. ஐம்பது இலட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட செலவில் அமைந்த அப்பாதைக்கு வருவாய் வேண்டியிருந்தது. பாதையோர மேட்டுநிலங்களில் ஐரோப்பியரைக் குடியேற்றி ஏற்றுமதிப் பொருள்களை விளைவிக்கச் செய்வதே வழி என்று ஆணையர் சார்லஸ் எலியட் கருதினார். வரவு செலவுக் கணக்கிலிருந்து பிறந்த இக்கொள்கைக்கு முன்னோடி ஒருவர் தேவைப்பட்டார். டெலமேர் அவ்விடத்தில் பொருந்தினார்.

அவருடைய நில விண்ணப்பங்களின் வரிசையே வெற்று நிலம் என்னும் கூற்றை மறுக்கப் போதுமானது. நைவாஷாப் பகுதியில் ஒரு இலட்சம் ஏக்கர் வேண்டி அவர் அளித்த விண்ணப்பம், மாசாய் மக்களுடன் மோதல் உண்டாகக்கூடும் என்னும் காரணத்தால் மறுக்கப்பட்டது. ஆளில்லாத நிலத்தில் யாருடன் மோதல் எழும்? குடியேற்றத்துக்கு ஆதரவான நிர்வாகமே அந்நிலத்துக்கு உரியவர்கள் இருப்பதை அறிந்திருந்தது என்பதை இம்மறுப்பு காட்டுகிறது.

இழப்பின் கணக்கு

1903 மே மாதத்தில் இஞ்சோரோவில் ஒரு இலட்சம் ஏக்கர் நிலம் டெலமேருக்கு 99 ஆண்டுக் குத்தகையில் வழங்கப்பட்டது. ஆண்டு வாடகை 200 பவுண்டு. முதல் ஐந்தாண்டுகளில் 5,000 பவுண்டு செலவிட்டு நிலத்தை மேம்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. நிலநடுக்கோடு அவ்வழியே சென்றதால் அப்பண்ணை 'ஈக்வேட்டர் ரான்ச்' எனப் பெயர்பெற்றது.

அதன்பின் நடந்தவை தொடர் தோல்விகள். நியூசிலாந்திலிருந்து வரவழைத்த மெரினோ ஆடுகள் பெருமளவில் மடிந்தன. உயர்வகை மாடுகள் நுரையீரல் தொற்றாலும் உண்ணிகளால் பரவும் காய்ச்சல்களாலும் இறந்தன. கால்நடையைக் கைவிட்டுக் கோதுமை பயிரிட்டபோது துருநோய் தாக்கியது. துருநோயைத் தாங்கும் கோதுமை வகையை உருவாக்கத் தம் பணத்திலேயே ஆராய்ச்சியாளரை அமர்த்தினார் டெலமேர். உங்கா என்னும் மாவு ஆலை நிறுவனம் 1908இல் அவர் முயற்சியால் தோன்றியது. இவற்றுக்கான பணம் செஷயர் நிலத்தை அடமானம் வைத்தும் கடன் வாங்கியும் திரட்டப்பட்டது. புல்லும் மண்ணும் கலந்து எழுப்பிய குடிசையில் பிரபுவும் அவர் மனைவியும் வாழ்ந்ததும் உண்மையே.

இத்தோல்விகள் ஹக்ஸ்லியின் கதையாடலில் பெறும் இடமே நம் கவனத்துக்குரியது. வெற்றியைக் கொண்டு நிலவுரிமையை நியாயப்படுத்துவது பழைய முறை. இங்கே இழப்பு அப்பணியைச் செய்கிறது. ஆடுகள் இறக்கின்றன, பணம் கரைகிறது, உடல் நலிகிறது. ஒவ்வொரு இழப்பும் நிலத்துக்குச் செலுத்திய விலையாகப் படிப்பவர் மனத்தில் பதிகிறது. ஆண்டுக்கு 200 பவுண்டு வாடகைக்கு ஒரு இலட்சம் ஏக்கர், அதாவது 500 ஏக்கருக்கு ஒரு பவுண்டு என்னும் எளிய கணக்கு, இந்தத் துன்பக் கணக்கின் பின்னே மறைந்துவிடுகிறது. ஓரளவு பெற்றுக்கொண்டவர் அனைத்தையும் கொடுத்தவராக நினைவுகூரப்படுகிறார்.

இவ்விழப்புகளை வேறுவகையிலும் படிக்கலாம். இஞ்சோரோ புல்வெளி பார்வைக்குச் செழிப்பானது. ஆனால் அம்மண்ணில் கால்நடைக்குத் தேவையான தாதுச்சத்து குறைவு. மாசாய் மேய்ப்பர்கள் தம் மந்தைகளை அங்கு நிலையாக வைத்திருக்கவில்லை. எப்புல் மந்தையைத் தளர்த்தும், எங்கு உண்ணி மிகும், எத்தனை நாள் ஓரிடத்தில் தங்கலாம் என்பன தலைமுறைகளாகத் திரண்ட அறிவு. அந்த அறிவு நிலப்பதிவேட்டில் இல்லை. மந்தையின் நடமாட்டத்தில் இருந்தது. நடமாட்டத்தை நாடோடித்தனம் என்று படித்த நிர்வாகத்துக்கு அது தெரியவில்லை. முன்னோடியின் தியாகமாகக் காட்டப்படும் மெரினோ ஆடுகளின் சாவு, உள்ளூர் மேய்ச்சல் அறிவைப் பொருட்படுத்தாததற்கான சான்றும் ஆகும். நூலின் சான்றுகளே நூலின் முடிவுக்கு எதிராகப் பேசும் இடம் இது.

டெலமேர் இதனை அறியாதவராகவே இருந்துவிடவில்லை. அவர் மாசாய் மொழியைப் பேசினார். மாசாய் மேய்ப்பர்களைப் பணியில் அமர்த்தினார். அவர்களைப் பெரிதும் மதித்தார். இம்மதிப்பைப் பாசாங்கு என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மதிப்பும் உரிமை மறுப்பும் ஒருங்கே இயங்க முடியும் என்பதே அவர் வாழ்க்கை காட்டும் கசப்பான உண்மை. மாசாய் அறிவு பண்ணைக்குள் கூலிக்கு வந்தபோது வரவேற்கப்பட்டது. நிலத்துக்கு உரிமை கோரும் அறிவாக அது ஏற்கப்படவில்லை.

உடன்படிக்கையும் வழக்கும்

1904 ஆகஸ்ட் மாதத்தில் மாசாய் தலைவர்களுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. லெனானா முதலியோர் கையொப்பமிட்ட அதன்படி, இரயில்பாதையை ஒட்டிய பிளவுப் பள்ளத்தாக்கிலிருந்து மாசாய் மக்கள் விலகி, வடக்கே லைக்கிப்பியாவிலும் தெற்கிலும் அமைந்த இரு ஒதுக்கிடங்களுக்குச் சென்றனர். மாசாய் இனம் உள்ளளவும் அவ்வுடன்படிக்கை நிலைக்கும் என்று உறுதி கூறப்பட்டது.

1906இல் டெலமேர் கில்கில், எல்மென்டெய்ட்டா ஆகிய இரயில் நிலையங்களுக்கு இடையே மற்றொரு பண்ணையைத் தொடங்கினார். சொய்சாம்பு எனப் பெயர்பெற்ற அது காலப்போக்கில் இரண்டு இலட்சம் ஏக்கருக்கும் மேலாக விரிந்தது. இஞ்சோரோவில் இழந்தவற்றைக் கால்நடை வளர்ப்பில் மீட்டுத் தந்த இடம் அதுவே. பண்ணை அமைந்த இடத்தையும் உடன்படிக்கையின் ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். மாசாய் மக்கள் வெளியேறிய பள்ளத்தாக்குப் பகுதியிலேயே, அவர்கள் வெளியேறிய ஓரிரு ஆண்டுகளிலேயே, இப்பண்ணை எழுந்தது. வாழ்க்கை வரலாற்றின் வரிசையில் இஞ்சோரோவின் தோல்வி சொய்சாம்புவின் வெற்றிக்குக் காரணமாகிறது; விடாமுயற்சி பலன் தருகிறது. நில வரலாற்றின் வரிசையிலோ 1904ஆம் ஆண்டு இடப்பெயர்ச்சி 1906ஆம் ஆண்டுப் பண்ணைக்கு முன்நிபந்தனையாகிறது. இரு வரிசைகளிலும் நிகழ்ச்சிகள் ஒன்றே; காரணகாரியத் தொடர்பே வேறு.

இனம் உள்ளளவும் என்னும் உறுதி ஏழாண்டுகளில் முடிவுக்கு வந்தது. லெனானா 1911 மார்ச் மாதத்தில் மறைந்தார். அதே ஆண்டில் இரண்டாம் உடன்படிக்கை செய்யப்பட்டு, லைக்கிப்பியாவிலிருந்த மாசாய் மக்கள் விரிவாக்கப்பட்ட தெற்கு ஒதுக்கிடத்துக்கு அனுப்பப்பட்டனர். வடக்கு மாசாய் மக்களின் தலைவரான லெகலிஷு இதனை எதிர்த்தார். பெயர்ச்சி 1913 வரை நீண்டது. வழியில் மனிதரும் மந்தைகளும் மடிந்தனர். லைக்கிப்பியா ஐரோப்பியக் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. இவ்விவகாரத்தின் பின்னணியில் ஆளுநர் பெர்சி ஜிரூவார்டு 1912இல் பதவி விலகினார்.

1913இல் மாசாய் தரப்பினர் நீதிமன்றத்தை நாடினர். முதல் உடன்படிக்கை இன்னும் செல்லும் என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. உடன்படிக்கை அயல்நாட்டு மக்களுடன் அரசு செய்துகொண்டது. ஆதலால் உள்நாட்டு நீதிமன்றம் அதனை விசாரிக்க இயலாது என்பது தீர்ப்பின் சாரம். இடம்பெயர்க்க வேண்டியபோது ஆளப்படுவோராகவும், நீதி கேட்டபோது அயலாராகவும் மாசாய் மக்கள் கருதப்பட்டனர். இப்பெயர்ச்சிகளை லோட்டி ஹ்யூஸ் 'மூவிங் த மாசாய்' (2006) என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

டெலமேரின் வாழ்க்கைக்கு இரு தொகுதி நூல் உள்ளது. அதே காலத்தில் அதே நிலத்தில் வாழ்ந்த லெகலிஷுவின் குரல் நிர்வாகக் கடிதங்களிலும் வழக்கு ஆவணங்களிலும் சிதறிக் கிடக்கிறது. ஒருவருக்கு வாழ்க்கை வரலாறு, மற்றவருக்கு வழக்கெண் என்னும் இந்த வகைவேறுபாடே காலனிய இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியாகக் கருதத்தக்கது.

உழைப்பு பற்றிய சாட்சியம்

நிலம் மட்டும் இருந்தால் பண்ணை இயங்காது, உழைப்பாளர் வேண்டும். 1912–13இல் அமைந்த தொழிலாளர் விசாரணைக் குழுவின்முன் டெலமேர் அளித்த சாட்சியம் பின்னாளில் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. ஆப்பிரிக்கர் ஒவ்வொருவருக்கும் வாழப் போதுமான நிலம் இருந்தால் குடியேறிகளுக்குத் தேவையான கூலியாட்கள் ஒருபோதும் கிடைக்கமாட்டார்கள் என்பது அதன் கருத்து.

இழப்பின் கதையாடலுக்கு எதிராக வைக்கத்தக்க ஆவணம் இது. குடியேறியவரின் இழப்பு இயற்கையால் நேர்ந்தது. அவர் அதனை எதிர்பார்க்கவில்லை. ஆப்பிரிக்கரின் நில இழப்போ ஒரு கொள்கையின் தேவையாகவே முன்மொழியப்படுகிறது. முன்னதைத் துயரம் என்று எழுதும் வரலாறு பின்னதை நிர்வாகம் என்று எழுதினால், அங்கே சமநிலை இல்லை. 1915ஆம் ஆண்டு நிலச்சட்டம் குடியேறிகளின் குத்தகைக் காலத்தை 999 ஆண்டுகள் வரை நீட்டிக்க வழிசெய்தது. ஒரு தரப்புக்கு ஏழாண்டுகூட நிலைக்காத உறுதி, மறுதரப்புக்கு ஏறத்தாழ ஆயிரமாண்டு உறுதி.

1923: இலண்டன்

குடியேறிகளின் அரசியல் தலைவராக டெலமேரின் செல்வாக்கு உச்சத்தை எட்டியது 1923இல். கென்யாவில் வாழ்ந்த இந்தியருக்கு வாக்குரிமையிலும் மேட்டுநில உடைமையிலும் சமநிலை வேண்டும் என்னும் கோரிக்கை அப்போது வலுத்திருந்தது. குடியேறிகள் ஆயுதக் கலகத்துக்கும் ஆளுநரைச் சிறைப்பிடிக்கவும் திட்டமிட்ட காலம் அது. அவர்களின் பேராளர் குழுவுடன் டெலமேர் இலண்டன் சென்றார். இந்தியாவிலிருந்து சென்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார். கென்ய மேட்டுநிலத்தின் உரிமை பற்றிய வாதத்தில், டெலமேருக்கு எதிர்த்தரப்பில் ஒரு தமிழர் நின்றார் என்பது நம் ஆய்வுலகில் போதிய கவனம் பெறாத செய்தி.

சாஸ்திரியாரின் நிலைப்பாடு பேரரசின் குடிமக்கள் அனைவரும் சமம் என்னும் கோட்பாட்டின்மீது நின்றது. டெலமேரின் நிலைப்பாடு உருவாக்கியவருக்கே உரிமை என்னும் கோட்பாட்டின்மீது நின்றது. ஜூலையில் வெளிவந்த டெவன்ஷயர் வெள்ளை அறிக்கை, கென்யாவில் ஆப்பிரிக்கரின் நலனே முதன்மையானது என்று அறிவித்தது. அதே வேளையில் மேட்டுநிலம் ஐரோப்பியருக்கே என்னும் நடைமுறையைத் தொடர்ந்தது. இந்தியருக்குத் தனி வாக்காளர் பட்டியலை வழங்கியது. சாஸ்திரியார் ஆழ்ந்த ஏமாற்றத்துடன் திரும்பினார்.

இந்நிகழ்ச்சியைத் தமிழர் பெருமையாக மட்டும் வாசிப்பது போதாது. இரு பேராளர் குழுக்களும் விவாதித்த நிலத்துக்கு முதல் உரியவர்கள் அவ்வறையில் சமநிலைத் தரப்பினராக இல்லை. ஆப்பிரிக்கத் தொழிலாளரைத் திரட்டிய ஹாரி துக்கு 1922இல் கைதுசெய்யப்பட்டு, விசாரணையின்றி நாடுகடத்தப்பட்ட நிலையில் இருந்தார். சமத்துவ வாதத்துக்கும் அக்கால எல்லை ஒன்று இருந்தது. அதனையும் ஏற்றுக்கொண்டே சாஸ்திரியாரின் பங்கை மதிப்பிட வேண்டும்.

எதிர்நூல்கள்

ஹக்ஸ்லியின் நூல் வெளிவருவதற்கு முன்பே நார்மன் லீஸ் 'கென்யா' (1924) என்னும் நூலை எழுதியிருந்தார். அங்கு அரசு மருத்துவராகப் பணியாற்றிய அவர் மாசாய் இடப்பெயர்ச்சியைக் கடுமையாக எதிர்த்தவர். எனவே மாற்றுப் பார்வை அக்காலத்தில் இயலாதது என்று கூறி ஹக்ஸ்லியை விடுவிக்க முடியாது. அதே நாட்டில் வாழ்ந்த மற்றோர் ஆங்கிலேயர் பத்தாண்டுக்கு முன்பே வேறுவகையில் கண்டிருந்தார்.

மூன்றாண்டுகள் கழித்து ஜோமோ கென்யாட்டாவின் 'ஃபேசிங் மவுண்ட் கென்யா' (1938) வெளிவந்தது. கிக்கூயூ மக்களின் நிலவுடைமை முறையை அது உள்ளிருந்து விளக்கியது. அதில் இடம்பெறும் ஒரு விலங்குக்கதை குறிப்பிடத்தக்கது. மழைக்கு ஒதுங்கத் தும்பிக்கையை மட்டும் நீட்டிய யானை முழுக் குடிசையையும் எடுத்துக்கொள்கிறது. விலங்குகளே அமைந்த விசாரணைக் குழு யானைக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கிறது. குடியேறியவரின் வரலாறு தனிமனிதப் பண்பைப் பேசும்போது, கென்யாட்டாவின் கதை அமைப்பின் இயக்கத்தைப் பேசுகிறது. யானை நல்லதா கெட்டதா என்பது அங்கு வினாவே அன்று. விசாரணைக் குழுவில் யார் அமர்ந்திருந்தார் என்பதே வினா. டெலமேர் நல்லவரா என்னும் விவாதத்தில் சிக்கிக்கொள்ளும் திறனாய்வுக்கு இக்கதை ஒரு திருத்தம்.

கூகி வா தியாங்கோவின் 'வீப் நாட், சைல்டு' (1964) புதினத்தில் தன் முன்னோரின் நிலத்திலேயே கூலியாளாக உழைக்கும் ஙோத்தோவும், அந்நிலத்தின் இன்றைய உடைமையாளரான ஹாவ்லண்ட்ஸும் ஒன்றாக வயலில் நடக்கின்றனர். இருவருக்கும் அந்நிலத்தின்மீது பற்று உண்டு. குடியேறியவரின் நிலப்பற்றைக் கூகி மறுக்கவில்லை. பற்று உரிமையாகிவிடுமா என்பதே அவர் எழுப்பும் வினா. இழப்பைக் கொண்டும் பற்றைக் கொண்டும் உரிமையை நிறுவும் ஹக்ஸ்லியின் முறைக்கு இதைவிடக் கூர்மையான மறுமொழி அரிது. 'டிட்டெய்ண்டு' (1981) என்னும் சிறைக்குறிப்புகளிலோ குடியேறிகளின் பண்பாட்டையே நேரடியான, கடுமையான விமரிசனத்துக்கு உள்ளாக்குகிறார். புதினம் எழுதிய கூகியின் நிதானம் திறனாய்வுக்கு மேலும் பயன்தருவது என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஹக்ஸ்லியும் தம் நிலைப்பாட்டிலேயே உறைந்துவிட்டவர் அல்லர். மார்ஜரி பெர்ஹாமுடன் நடத்திய கடித விவாதம் 'ரேஸ் அண்ட் பாலிடிக்ஸ் இன் கென்யா' (1944) என்னும் நூலாயிற்று. தம் கருத்துக்கு நேரெதிரான கருத்துடையவரின் கடிதங்களைத் தம் கடிதங்களுடன் ஒரே நூலில் வெளியிட அவர் இசைந்தார். டெலமேர் வரலாற்றில் இல்லாத எதிர்க்குரல் அங்கே பாதி நூலைப் பெற்றது. ஆயினும் அவ்விவாதமும் ஆப்பிரிக்கரைப் பற்றி இரு ஆங்கிலேயர் நடத்திய உரையாடலே.

முடிவுரை

டெலமேரின் உழைப்பும் இழப்பும் உண்மையானவை. கோதுமை ஆராய்ச்சியிலும் பால்பண்ணைத் தொழிலிலும் அவர் பங்கு மறுக்கத்தக்கதன்று. ஹக்ஸ்லியின் நூல் அவ்வகையில் இன்றும் பயன்படும் மூலநூல். ஆனால் இழப்பு என்பது ஒரு நிகழ்ச்சி. உரிமை என்பது ஓர் உறவு. முன்னதை விரித்துரைப்பதன்மூலம் பின்னதை நிறுவிவிடும் கதையாடலே அந்நூலின் மையம் என்பதை மேற்கண்ட ஆய்வு காட்டுகிறது. அதே நூல் தரும் ஆண்டுகளையும் இடங்களையும் உடன்படிக்கைகளின் ஆண்டுகளோடு பொருத்திப் படிக்கும்போது, முன்னோடியின் வரலாறு மேய்ச்சல் நில இடப்பெயர்ச்சியின் வரலாறாகவும் வாசிக்கக் கிடைக்கிறது. காலனியக் காலத்து வாழ்க்கை வரலாறுகளை ஆராய்வோர், நாயகனின் ஆயுட்கால வரிசையின் அருகில் நிலத்தின் கைமாற்ற வரிசையை வைத்துப் படிக்கும் முறையைப் பிற நூல்களுக்கும் விரிவாக்கலாம்.

1939இல் நைரோபியின் டெலமேர் சாலையில் அவருக்கு வெண்கலச்சிலை நிறுவப்பட்டது. கென்யா 1963இல் விடுதலை பெற்றபோது சிலை அகற்றப்பட்டது. சாலை கென்யாட்டாவின் பெயரைப் பெற்றது. சிலை சொய்சாம்பு பண்ணைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2007 முதல் ஏறத்தாழ 48,000 ஏக்கர் பரப்பில் வனவிலங்குக் காப்பகமாகவும் இயங்கும் அந்நிலம் இன்றும் டெலமேர் குடும்பத்துடன் தொடர்புடையது. பொதுச்சாலையிலிருந்து சிலையை அகற்ற ஒரு புதிய அரசால் முடிந்தது. அச்சிலை சென்று சேர்ந்த நிலத்தின் உரிமை பற்றிய வினா அவ்வளவு எளிதில் அகற்றப்படுவதாக இல்லை. அவ்வினா எழாதவாறு 1935இல் எழுதப்பட்ட ஒரு நூலை மீண்டும் படிப்பதன் தேவையும் அதுவே.